நாலாவது கதை எங்க போச்சு?

"அண்ணா, நாலாவது கதை எங்க போச்சு?"

போன வருஷ என்.எஸ்.எஸ். முகாமில், ஒரு ஊர்ப்புற நூலகத்தில், மூணாவது படிக்கிற பையன் ஒருத்தன் என்னைக் கேட்ட கேள்வி இது. எனக்குக் கேள்வியே புரியல. "எந்தக் கதைடா?" என்றேன். "நாலாவது கதைண்ணா. நேத்து வரைக்கும் இங்கதான் இருந்துச்சு" என்று திரையில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினான்.

அந்தத் திரையைப் பற்றி முதல்ல சொல்லிடறேன். எங்களுக்கு ரெண்டு பேட்ச் முன்னாடி படிச்ச சீனியர் அண்ணன்கள் செஞ்ச பெட்டி அது. ஒரு ராஸ்பெர்ரி பை 3, ஏழு அங்குலத் தொடுதிரை, சின்னதா ஒரு ஆம்ப்ளிஃபையர், ரெண்டு ஸ்பீக்கர், எல்லாத்தையும் அடக்கி ஒரு பிளைவுட் பெட்டி. மெமரி கார்டில் சிறுவர் கதைகள், பாட ஒலிப்பதிவுகள், கொஞ்சம் வீடியோ. இன்டர்நெட் தேவையில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் நூலகத்துக்கு வருவாங்க, தொடுவாங்க, கேட்டுட்டுப் போவாங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா செஞ்சு, மார்க் வாங்கி, அதுக்கப்புறமும் லேப் அலமாரியில தூங்காம நிஜமாவே ஒரு ஊருக்குப் போய்ச் சேர்ந்த பெட்டி. நம்ம ப்ராஜெக்ட்களில் இது எவ்வளவு அபூர்வம்னு உங்களுக்கே தெரியும்.

முந்தின நாள்தான் நாங்க ஆறு புதுக் கதைகளை ஏத்தியிருந்தோம். பட்டியல் வரிசை மாறிடுச்சு. பையன் தேடின கதை ஏழாவது இடத்துக்குப் போயிடுச்சு. "பேரைப் படிச்சுப் பாரேன்டா" என்று சொல்ல வாயெடுத்தப்பதான் நானே திரையை ஒழுங்கா பார்த்தேன்.

படிக்க முடியல. 'தெனாலி ராமன்' என்பதில் 'தெ'யோட ஒற்றைக்கொம்பு, த-வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. 'கொக்கும் நண்டும்' என்பதில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே பக்கமா க-வுக்கு அப்புறம் ஒட்டிக்கிட்டு இருந்தது. 'கு' வர வேண்டிய இடத்தில் ஒரு க, அதுக்குப் பக்கத்தில் தனியா ஒரு சுழி. பிள்ளைகள் யாரும் பேரைப் படிக்கவே இல்லை. மேல இருந்து நாலாவது, கீழ இருந்து ரெண்டாவது என்று இடத்தை மனப்பாடம் செஞ்சு வெச்சிருந்தாங்க. நாங்க ஆறு கதையை ஏத்தி அந்த மனப்பாடத்தை அழிச்சிட்டோம்.

நூலகரம்மாகிட்ட கேட்டேன். "ஆரம்பத்துலயே சொன்னேனே தம்பி. கதை நல்லா கேக்குதுல்ல, அப்புறம் என்னன்னு விட்டாச்சு" என்றார்.

நூலகம். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகுற வயசுப் பிள்ளைகள். அவங்க முன்னாடி, தமிழைத் தப்பு தப்பா காட்டுற ஒரு திரை. அதை வெச்சது நாம.

அந்தப் பெட்டியோட யூஐ-யை, அதாவது திரையில தெரியற மொத்த இடைமுகத்தையும், ஒரு ஓப்பன் சோர்ஸ் டூல்கிட்டுக்கு மாத்துறதுதான் எங்க டீமோட இந்த வருஷ வேலையா ஆச்சு. அதை நாங்க எப்படிச் செஞ்சோம்னு டுடோரியல் எழுத நான் வரல. சீனியர்ஸும் சரி, நாங்களும் சரி, நீங்களும் சரி, எல்லாரும் செய்யற ஒரு தப்பைப் பத்திச் சண்டை போடத்தான் வந்திருக்கேன். மத்தவங்க கையில போகப்போற ஒரு பொருளுக்கு, எழுத்து வரையறதுல இருந்து பட்டன் அமுக்குறது வரைக்கும் எல்லாத்தையும் நாமே எழுதறதுதான் பெரிய இன்ஜினியரிங்னு ஒரு நினைப்பு நமக்கு இருக்கு. அது தப்புன்னு நான் சொல்றேன்.

கோடைத் திறந்து பார்த்தோம். ஒரே சி ஃபைல், சில ஆயிரம் வரிகள். லினக்ஸ் ஃபிரேம்பஃபரை நேரடியா திறந்து, ஒவ்வொரு பிக்சலா எழுதியிருந்தாங்க. குறை சொல்றதுக்கு முன்னாடி இதைச் சொல்லணும்: அது நல்ல கோடு. பட்டியல் வழுக்கிக்கிட்டுப் போறது, தொட்டா நிறம் மாறுறது எல்லாமே அவங்க கையால எழுதினது. என்னால அப்படி எழுத முடியுமான்னு சந்தேகம்தான்.

ஆனா எழுத்து வரையற ஃபங்ஷன்தான் வில்லன். யூனிகோட் சரத்தை எடுக்கும், ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஃபான்டில் இருக்கிற படத்தை எடுக்கும், இடமிருந்து வலமா வரிசையா ஒட்டும். ஆங்கிலத்துக்கு இது போதும். தமிழுக்குப் போதாது. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, அப்புறம் கொம்பு என்றுதான் சேமிக்கப்படுது. நாம வாயால சொல்ற வரிசை அது. திரையில கொம்பு முன்னாடி வரணும். 'கொ' என்றால் பின்னாடி இருக்கிற ஒரே குறியை ரெண்டாப் பிச்சு, கொம்பை முன்னாடியும் காலைப் பின்னாடியும் வைக்கணும். 'கு', 'மூ', 'ணு' மாதிரி எழுத்துகளுக்குத் தனித் தனி உருவமே இருக்கு. அதுக்கு யூனிகோடில் தனி எண் கிடையாது, ஃபான்டுக்குள்ள இருக்கிற விதிகளைப் படிச்சுத்தான் அதைத் தேடி எடுக்கணும். இந்த வேலைக்கு ஷேப்பிங்னு பேரு. நம்ம ஃபோனில் இதெல்லாம் சத்தமே இல்லாம நடக்கிறதால இப்படி ஒரு வேலை இருக்குன்னே நமக்குத் தெரியறதில்லை.

அப்போ டெமோ அன்னிக்கு எப்படி எல்லாம் சரியா தெரிஞ்சது? அந்தச் சீனியர் அண்ணனுக்கே ஃபோன் போட்டேன். சிரிச்சுட்டார். "டேய், டெமோவுக்கு வெச்ச தலைப்பு எல்லாத்தையும் நானே கொம்பை முன்னாடி போட்டு மாத்தி டைப் பண்ணி வெச்சேன்டா. ரிவ்யூக்கு ரெண்டு நாள்தான் இருந்துச்சு." பழைய திஸ்கி காலத்துல கம்ப்யூட்டர் தமிழ் இப்படித்தான் இருந்தது: கண்ணுக்குத் தெரியற வரிசையிலேயே சேமிக்கறது. அண்ணன் தெரியாமலேயே அந்தக் காலத்துக்குப் போயிட்டு வந்திருக்கார். அவர் டைப் பண்ணின தலைப்புகள் சரியா தெரிஞ்சது. அதுக்கப்புறம் ஏத்தின ஒவ்வொரு கதையும் உடைஞ்சது. இன்னொரு ஃபங்ஷனில் பாதியில ஒரு மைனஸ் 3 இருந்தது, அது எதுக்குன்னும் கேட்டேன். "எனக்கே மறந்து போச்சுடா" என்றார். அவர் இப்ப வேற ஊர்ல, வேற வேலையில, வேற மொழியில கோடு எழுதறார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. எழுதினவருக்கே மறந்துபோன கோடை நம்பி ஒரு நூலகம் ஓடிக்கிட்டு இருந்ததுதான் பிரச்சினை.

சரி, டூல்கிட் மாத்தலாம்னு முடிவு பண்ணின உடனே எல்லாரும் செய்யற முதல் தப்பை நாங்களும் செஞ்சோம்: எந்த டூல்கிட்னு விவாதம். ஒரு வாரம் அதுலயே போச்சு. உண்மையில முதல்ல செய்ய வேண்டிய வேலை வேற. பழைய கோடில் யூஐ-யும் பாட்டு ஓட்டுற பகுதியும் ஒரே லூப்பில் பின்னிக்கிட்டு இருந்தது. பட்டியலை வேகமா தள்ளினா பாட்டு திக்கும். நீங்களும் ஒரு மீடியா கருவி செய்யறீங்கன்னா, தயவுசெஞ்சு முதல் நாளே இந்த ரெண்டையும் வெட்டிப் பிரிச்சு வைங்க.

நாங்க பாட்டுக்கு மியூசிக் பிளேயர் டீமன் என்கிற எம்பிடி-யை எடுத்தோம். பின்னணியில சத்தமில்லாம ஓடிக்கிட்டு இருக்கும். 6600-ம் போர்ட்டில் சாதாரண எழுத்துக் கட்டளைகளை அனுப்பினா போதும், ஓட்டு, நிறுத்து, அடுத்தது, எல்லாம் செய்யும். திரையே இல்லாம டெர்மினலில் இருந்து டெல்நெட் போட்டே பாட்டு மாத்தலாம். வீடியோவுக்கு எம்பிவி, அதையும் சாக்கெட் வழியா ஆட்டி வைக்கலாம். இப்படிப் பிரிச்ச அன்னிக்கே பழைய யூஐ-யிலயும் பாட்டு திக்கறது நின்னு போச்சு. அதைவிட முக்கியம், அதுக்கப்புறம் யூஐ-யை எத்தனை தடவை மாத்தினாலும் பாட்டுப் பக்கம் தொடவே வேண்டியதில்லை. நாங்க ரெண்டு தடவை மாத்தினோம்.

முதல் தடவை எல்விஜிஎல். ஹங்கேரியில் ஒருத்தர் ஆரம்பிச்ச ப்ராஜெக்ட், எம்ஐடி லைசன்ஸ், சி மொழி. சில பத்து கிலோபைட் ரேம் இருக்கிற மைக்ரோகன்ட்ரோலரில் கூட ஓடும். ஈஎஸ்பி32-ல திரை வெச்சு ஏதாவது செஞ்சவங்களுக்கு இது பழகின பேரு. மூணே நாளில் பட்டன், பட்டியல், ஸ்லைடர் எல்லாம் வந்துடுச்சு. பார்க்க அவ்வளவு அழகு. நாங்க துள்ளிக் குதிச்சோம். அப்புறம் கதைத் தலைப்புகளை ஏத்தினோம்.

கொம்பு மறுபடியும் பின்னாடி நின்னுது.

நாங்க எடுத்த 8-ம் பதிப்பில் வலமிருந்து இடம் போகிற எழுத்துகளுக்கு வசதி இருந்தது, அரபி, பாரசீக எழுத்துகள் ஒண்ணோட ஒண்ணு சேர்றதுக்கும் வசதி இருந்தது. இந்திய எழுத்துகளுக்கு ஷேப்பிங் இல்லை. அதோட ஃபான்ட் மாத்துற கருவியும் எழுத்துகளை யூனிகோட் எண்ணை வெச்சுத்தான் பொறுக்கி எடுக்கும். எண்ணே இல்லாத 'கு'வை அது எப்படி எடுக்கும்? சீனியர் அண்ணனோட பிரச்சினையையே நாங்க இன்னும் அழகான பட்டனோட திரும்ப உருவாக்கியிருந்தோம்.

அதனாலதான் சொல்றேன்: டூல்கிட் தேர்ந்தெடுக்கறப்ப வேகம், மெமரி, தீம் எல்லாம் பார்க்கிறதுக்கு முன்னாடி, முதல் மணி நேரத்திலேயே 'கொக்கு'ன்னு ஒரு வார்த்தையைத் திரையில எழுதிப் பாருங்க. ஒரே வார்த்தையில பிரியற கொம்பும் காலும் இருக்கு, புள்ளி இருக்கு, தனி உருவமான கு-வும் இருக்கு. இது சரியா வந்தா மத்ததைப் பேசலாம். நாங்க இதை மூணு நாள் கழிச்சுச் செஞ்சோம்.

ரெண்டாவது தடவை க்யூட். இதை க்யூ-டின்னு சொல்லாம 'க்யூட்'னு சொல்லணுமாம். நம்ம லேபில் யாரும் சொல்றதில்லை. நார்வேயில் 1990-களில் டிரோல்டெக் என்கிற நிறுவனம் உருவாக்கினது. டெஸ்க்டாப் எதுவும் இல்லாம நேரடியா திரையில வரையும், பை 3-ல இருக்கிற 1 ஜிபி ரேமுக்கு அது ஒண்ணும் பெரிய பாரமில்லை. தமிழ் மட்டும் எப்படிச் சரியா வந்தது? க்யூட் எழுத்து வரையறதுக்கு முன்னாடி ஹார்ஃப்பஸ் என்கிற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் நூலகத்தைக் கேட்கும். ஷேப்பிங்தான் அதோட ஒரே வேலை. ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆஃபீஸ் எல்லாத்துலயும் அதுதான் இருக்கு. அதைப் பல வருஷமா கட்டி வளர்த்தவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத். அந்தப் பேரே பாரசீக மொழியில 'ஓப்பன் டைப்'னு அர்த்தம் வர்ற மாதிரி வெச்சது. ஒரு ஊர்ப்புற நூலகத்துப் பெட்டியில 'கொக்கு' சரியா நிக்கறதுக்கு அவரும், அவரோட சேர்ந்து எழுதின எத்தனையோ பேரும் காரணம். நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்டைப் போட்டோம், தலைப்புகள் எல்லாம் அப்படியே வந்து உட்கார்ந்தது. நாங்க ஒரு வரி கூட அதுக்காக எழுதல.

வரிசைப்படுத்தறதுலயும் ஒரு கூத்து இருந்தது. யூனிகோட் எண்ணை வெச்சு வரிசைப்படுத்தினா நம்ம அகரவரிசை வராது. ன-வும் ற-வும் கடைசிக்குப் போகாம நடுவுலயே வந்து நிக்கும், ச-வுக்கு அப்புறம் ஜ நுழையும், புள்ளி வெச்ச மெய் உயிர்மெய்க்கெல்லாம் பின்னாடி போகும். இதுக்கும் டூல்கிட்டிலேயே வழி இருந்தது.

இப்ப நீங்க கேட்பீங்க: டூல்கிட்டும் நாளைக்கு நின்னு போனா? கம்பெனி கைவிட்டுட்டா? நல்ல கேள்வி. நோக்கியா கதையைக் கேளுங்க.

2005-ல நோக்கியா 770-ன்னு ஒரு இன்டர்நெட் டேப்லெட் வந்தது. லினக்ஸ், அதுக்கு மேல மீமோ, திரைக்கு ஜிடிகே டூல்கிட்டை ஒட்டின ஹில்டன். 2008-ல நோக்கியா டிரோல்டெக்கையே விலைக்கு வாங்கினது. இனிமே எல்லாம் க்யூட்டுக்கு மாறும்னு சொன்னாங்க. ஜிடிகேயில ஆப் எழுதி வெச்சிருந்தவங்க தலையில கை வெச்சுக்கிட்டாங்க. அந்த மாற்றத்தோட பலனா என்9 ஃபோன் 2011-ல வந்தது. ஆனா அதே வருஷம் பிப்ரவரியிலேயே நோக்கியா விண்டோஸ் ஃபோன் பக்கம் போறதா அறிவிச்சுட்டது. பிறக்கறதுக்கு முன்னாடியே கைவிடப்பட்ட ஃபோன் அது. க்யூட் என்ன ஆச்சு? டிஜியா என்கிற ஃபின்லாந்து நிறுவனம் 2012-ல வாங்கினது, அப்புறம் க்யூட் கம்பெனின்னு தனியா ஆச்சு. நோக்கியாவில இருந்து வெளிய வந்தவங்க ஆரம்பிச்ச ஜோல்லா, அதே க்யூட்டை வெச்சு செயில்ஃபிஷ் செஞ்சாங்க. எல்ஜி டிவியில இருக்கிற வெப்ஓஎஸ்ஸுக்கு 2018-ல ஒரு ஓப்பன் சோர்ஸ் பதிப்பு விட்டாங்க. அதுல திரையை நிர்வகிக்கிற பகுதி க்யூட் மேலதான் உட்கார்ந்திருக்கு. ஃபோன் போச்சு, திட்டம் போச்சு, கைமாறிக் கைமாறி டூல்கிட் மட்டும் உயிரோட இருக்கு. போதாக்குறைக்கு கேடிஈ சமூகத்தோட 1998-லேயே போட்ட ஒரு ஒப்பந்தமும் இருக்கு: இலவசப் பதிப்பு வெளிவர்றது நின்னுபோனா, க்யூட்டை இன்னும் தளர்வான லைசன்ஸில் வெளியிட அந்த அறக்கட்டளைக்கு உரிமை உண்டு.

எதிர் உதாரணமும் சொல்லிடறேன், இல்லாட்டி நியாயமில்லை. ராக்பாக்ஸ். 2001 கடைசியில ஸ்வீடனில் மூணு பேர், அதுல ஒருத்தர் கர்ல் எழுதின டேனியல் ஸ்டென்பெர்க், ஆர்கோஸ் எம்பி3 பிளேயரோட சொந்த மென்பொருள் பிடிக்காம தாங்களே ஒண்ணு எழுத ஆரம்பிச்சாங்க. ரேம் 2 எம்பி. அதுக்குள்ள எந்த டூல்கிட்டும் நுழையாது. திரை, மெனு, ஃபான்ட் எல்லாமே அவங்களே எழுதினாங்க. அது செத்துப் போகல, எத்தனையோ மாடல் பிளேயர்களில் பல வருஷம் ஓடினது. அப்போ சொந்தமா எழுதறது தப்பில்லையே? தப்பில்லைதான். அவங்க எழுதினதை முதல்லயிருந்தே ஜிபிஎல் லைசன்ஸில் வெளிய வெச்சாங்க, முகம் தெரியாத நூத்துக்கணக்கான பேர் வந்து படிச்சாங்க, திருத்தினாங்க. நம்ம பெட்டியோட கோடு ஒரு பென்டிரைவில் இருந்தது. அதோட ஒரே காப்பி எங்களுக்குக் கிடைச்சதே அதிர்ஷ்டம்.

லைசன்ஸ் பத்தியும் பேசியே ஆகணும், ஏன்னா நம்மள்ல நிறைய பேர் 'ஓப்பன் சோர்ஸ்னா ஃப்ரீ'ங்கிறதோட நிறுத்திக்கறோம். க்யூட்டோட பெரும்பாலான பகுதிகள் எல்ஜிபிஎல் 3-ம் பதிப்பில் கிடைக்குது. உங்க சொந்தக் கோடை மூடி வெச்சுக்கலாம். ஆனா கருவியை வாங்கினவர், அதுக்குள்ள இருக்கிற க்யூட்டை மாத்தி வேற பதிப்பு போட்டுக்க வழி இருக்கணும். பூட்லோடரைப் பூட்டி, கையெழுத்து இல்லாத எதையும் ஓட விடமாட்டேன்னு செஞ்சீங்கன்னா சிக்கல். இந்த விதி வந்ததுக்குப் பின்னாடியே ஒரு மீடியா கருவிதான் இருக்கு: டிவோ. டிவி நிகழ்ச்சி பதிவு பண்ற பெட்டி, உள்ளே லினக்ஸ், சோர்ஸ் கோடும் கொடுத்தாங்க. ஆனா மாத்தின கோடை அந்தப் பெட்டி ஓட்டாது. கோடு கையில இருந்தும் பிரயோஜனமில்லை. 2007-ல வந்த ஜிபிஎல் 3-ம் பதிப்பு இதைத் தடுக்கத்தான் தனியா விதி போட்டது. க்யூட்டிலேயே சில பகுதிகள், உதாரணத்துக்கு விர்ச்சுவல் கீபோர்டு, எல்ஜிபிஎல் கூட கிடையாது, ஜிபிஎல் இல்லாட்டி காசு. நீண்ட கால ஆதரவுப் பதிப்புகளையும் காசு கொடுக்கிறவங்களுக்குன்னு 2020-ல ஒதுக்கிட்டாங்க. எங்க பிளைவுட் பெட்டியில நாலு ஸ்க்ரூவைக் கழட்டினா மெமரி கார்டு கையில வந்துடும், அதனால எங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஆனா உங்கள்ல யாராவது ஸ்டார்ட்அப் கனவோட இருந்தா, டிசைன் முடிச்சுட்டு இதைப் படிக்காதீங்க, முன்னாடியே படிங்க.

இவ்வளவும் செஞ்சுட்டு ரிவ்யூக்குப் போனோம். சார் பொறுமையா கேட்டார். கடைசியில ஒரே கேள்வி: "பிளேயர் எம்பிடி, யூஐ க்யூட், எழுத்து ஹார்ஃப்பஸ். இதுல நீங்க சொந்தமா என்னப்பா செஞ்சீங்க?"

அந்த அறையில நான் திக்கினேன். என் டீம்மேட் ஏதோ சமாளிச்சா. ஹாஸ்டலுக்கு வந்தப்புறம்தான் பதில் தோணுச்சு, வழக்கம் போல.

அந்தக் கேள்விதான் சீனியர் அண்ணனை ஆயிரக்கணக்கான வரி எழுத வெச்சது. ரிவ்யூவில் 'எல்லாமே நாங்களே எழுதினோம் சார்'னு சொன்னா மதிப்பு. 'ஏற்கனவே இருக்கிறதைப் படிச்சு, எது பொருந்தும்னு சோதிச்சு, ஏன் இன்னொண்ணை விட்டோம்னு காரணத்தோட சொல்றோம்'னு நின்னா, காப்பி அடிச்ச மாதிரி பார்க்கிறாங்க. ஆனா வெளிய ஒரு கருவி செய்யற எந்த இடத்திலயும் ரெண்டாவதுதான் வேலையே. கத்துக்கறதுக்காக ஒரு எழுத்து வரையற ஃபங்ஷன் எழுதுங்க, ஃபிரேம்பஃபரைத் தொட்டுப் பாருங்க, நான் வேண்டாம்னு சொல்லல. அதை லேபில் வைங்க. மூணாவது படிக்கிற பையன் முன்னாடி வைக்காதீங்க.

அப்புறம், சொந்தமா செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னு நினைச்சுக்காதீங்க. எல்விஜிஎல்லில் தமிழ் உடையுதுன்னு சொன்னேன் இல்லையா? க்யூட் நுழைய முடியாத சின்னச் சின்ன சிப்களில்தான் எல்விஜிஎல் ஓடுது. பஸ்ஸில நிறுத்தம் காட்டுற பலகை, வீட்டு மின் மீட்டர், வயலில் பம்ப்செட் கன்ட்ரோலர், இதுலயெல்லாம் பை போட மாட்டாங்க. அங்க தமிழ் சரியா வரணும்னா, அந்தச் சின்ன இடத்துக்குள்ள அடங்குற ஒரு தமிழ் ஷேப்பர் வேணும். தேவநாகரியோட ஒப்பிட்டா தமிழ் ரொம்ப சுலபம். முன்னாடி நகர்த்த வேண்டிய குறிகள் மூணு: ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி. ரெண்டாப் பிரிக்க வேண்டியது மூணு: ஒ, ஓ, ஔ வரிசை. உகர, ஊகார வரிசைக்குத் தனி உருவங்கள் பதினெட்டும் பதினெட்டும் முப்பத்தாறு. கூட்டெழுத்துன்னு பார்த்தா க்ஷ-வும் ஸ்ரீ-யும். 1978-ல தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்து ணா, றா, னா, லை, ளை மாதிரி எழுத்துகளோட பழைய தனி உருவங்களை எடுக்காம இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் வேலை இருந்திருக்கும்.

இது ஒரு ஃபைனல் இயர் டீமால ஒரு செமஸ்டரில் முடிக்கக்கூடிய வேலை. அதை எழுதி அந்த ப்ராஜெக்ட்டுக்கே திருப்பிக் கொடுத்து, அவங்க ஏத்துக்கிட்டா, சேலத்துல ஒருத்தர் செய்யற பம்ப்செட் கன்ட்ரோலரிலும் கொழும்புல ஒருத்தர் செய்யற டோக்கன் பலகையிலும் கொம்பு சரியான இடத்தில நிக்கும். "சொந்தமா என்ன செஞ்சீங்க"ன்னு கேட்டா சொல்றதுக்கு அதைவிட என்ன வேணும்? பாதி இங்கிலீஷ்ல பட்டன் வரையற கோடை நூறாவது தடவையா எழுதறதைவிட இது எவ்வளவோ மேல். எங்க டீமில் ஒருத்தி விளையாட்டா பேப்பரில் விதிகளை எழுதிப் பார்த்தா. நாலு பக்கத்துல முடிஞ்சு போச்சு. அந்த நாலு பக்கமும் என்கிட்டதான் இருக்கு.

பெட்டியை ஜனவரியில நூலகத்துக்குத் திருப்பிக் கொண்டு போய் வெச்சோம். அந்தப் பையன் இப்ப நாலாவது. வந்தான், பட்டியலைப் பார்த்தான், விரலை வெச்சு 'தெ... னா... லி...'ன்னு கூட்டினான். பாதியிலேயே பொறுமை போய் வேற எதையோ தொட்டுட்டு ஓடிட்டான். நூலகரம்மாவுக்கு மட்டும் ஒரு குறை. "முன்னாடி சுவிட்ச் போட்டா சட்டுனு வந்துடும் தம்பி. இப்ப கொஞ்ச நேரம் கருப்பாவே நிக்குதே?"

அவர் சொல்றது சரி. ஃபிரேம்பஃபரில் நேரடியா எழுதின பழைய யூஐ வேகமா எழுந்திருக்கும். க்யூட் வந்ததும் பூட் ஆகறதுக்கு நேரம் கூடிடுச்சு. தேவையில்லாத சர்வீஸ்களை நிறுத்தினோம், கொஞ்சம் குறைஞ்சது, போதல. முழு ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸுக்குப் பதிலா பில்ட்ரூட்டில் சின்னதா ஒரு இமேஜ் கட்டணும், அதுதான் அடுத்த வேலை. நாங்க மே மாசம் கிளம்பிடுவோம். கோடு, சர்க்யூட் படம், அந்த மைனஸ் 3-ஐ ஏன் எடுத்தோம்ங்கிற குறிப்பு வரைக்கும் எல்லாம் பொதுவில் வெச்சிருக்கோம். ரெண்டாம் வருஷத்துல யாருக்காவது ஆர்வம் இருந்தா, செவ்வாய், வியாழன் சாயங்காலம் எம்பெடட் லேபில் இருப்போம். கடைசி பெஞ்ச், ஜன்னல் பக்கம். இன்னொரு பிளைவுட் பெட்டியும் அங்கதான் இருக்கு, இன்னும் ஸ்க்ரூ போடல.